காற்றிலிருந்து கிணற்றுக்கு



நீரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் அளவைப் பற்றியே பேசுகின்றனர். ஏரி நிரம்பியதா, கிணற்றில் எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது, ஆழ்துளைக் கிணறு இன்னும் எத்தனை அடி இறங்க வேண்டும் என்பனவே ஊர்தோறும் எழும் கேள்விகள். அவை வேண்டிய கேள்விகளே. ஆயினும் அந்தத் தண்ணீருக்குள் கரைந்து கிடப்பது யாது என்று கேட்போர் மிகச் சிலர். நிறமின்றி, மணமின்றி, சுவையிலும் வேறுபாடு காட்டாது கரைந்து கிடக்கும் ஒரு பொருளைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம். அதன் பெயர் நைட்ரேட்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடெங்கும் 15,259 இடங்களில் எடுத்த நீர் மாதிரிகளைச் சோதித்து, தன் 2024ஆம் ஆண்டு அறிக்கையை வெளியிட்டது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது என்பது நம் நாட்டின் விதி. ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாதிரி அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. வரம்பு மீறிய நீர் காணப்பட்ட மாவட்டங்கள் 2017இல் 359ஆக இருந்து, 2023இல் 440ஆக உயர்ந்துவிட்டன. நைட்ரேட்டால் மிகுதியும் பாதிக்கப்பட்டவை என்று 15 மாவட்டங்களை அவ்வறிக்கை தனியே எடுத்துக் காட்டியது. அவற்றுள் தமிழகத்தைச் சேர்ந்தது ஒன்றே ஒன்று. அது நம் விழுப்புரம் மாவட்டம்.

இச்செய்தியைப் படித்தவர்கள் எங்கோ ஓர் ஆலையைத் தேடக்கூடும். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஊர்களைப் போல் இது ஆலைகளால் பெயர் பெற்ற பகுதியன்று. எடுத்துக்காட்டாக மேல்மலையனூர் வட்டத்தை நோக்குவோம். அமாவாசைதோறும் பல்லாயிரம் பேர் வந்து கூடும் அங்காளம்மன் கோயிலால் வெளியூரார் அவ்வூரை அறிவர். உள்ளூராருக்கோ அது ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல்லும் மல்லாட்டையும் கரும்பும் உளுந்தும் விளைவிக்கும் பூமி. அத்தகைய உழவர் பூமியின் கிணற்றுக்குள் இப்பொருள் வந்து சேர்ந்தது எவ்வாறு? விடை காண வேண்டுமாயின், நாம் முதலில் அண்ணாந்து வானத்தைப் பார்த்தல் வேண்டும்.

நாம் உள்ளிழுக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். பயிருக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் அஃதின்றி உடல் இல்லை. தசையிலும் குருதியிலும் அது உண்டு. எனினும் காற்றில் உள்ள நைட்ரஜனைப் பயிர் நேரே உண்ண இயலாது. அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்து நிற்கின்றன. அப்பிணைப்பை உடைக்க இயற்கை இரண்டு வழிகளை வைத்திருந்தது. ஒன்று மின்னல். இடியும் மின்னலுமாகப் பெய்த மழைக்குப் பின் பயிர் பச்சை பிடிப்பதை உழவர் அறிவர். அதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொன்று மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சிறு சிறு முடிச்சுகள் தென்படும். அவற்றுள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பற்றிச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. செடியோ அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது.

இவ்வாறு மண்ணுக்கு வந்த நைட்ரஜன் இலையாகி, இலையைத் தின்ற ஆட்டின் உடலாகி, சாணமாகியும் சருகாகியும் மீண்டும் மண்ணுக்கு வருகிறது. அதில் ஒரு பகுதியைச் சேற்றில் வாழும் வேறு சில நுண்ணுயிர்கள் பிரித்து, திரும்பவும் காற்றுக்கே அனுப்பிவிடுகின்றன. வந்ததும் போனதும் ஏறத்தாழச் சரியாக இருந்தன. காற்று, நிலம், நீர் மூன்றுக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கல் அது. நம் முன்னோர் இதன் வேதியியலை அறிந்தாரில்லை. ஆயினும் கணக்கை அறிந்திருந்தனர். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டனர். கொளிஞ்சியையும் சணப்பையும் மடக்கி உழுதனர். கோடையில் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டு சென்றனர். மழை மேட்டிலிருந்து ஏரிக்கு அடித்துச் சென்ற சத்து, வண்டலாக வயலுக்கே திரும்பியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கணக்கில் மனிதன் கைவைத்தான். 1909இல் பிரிட்ஸ் ஹேபர் என்னும் ஜெர்மானிய வேதியியல் அறிஞர், மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் காற்றின் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கிக் காட்டினார். கார்ல் போஷ் என்பவர் அதனை ஆலை அளவுக்கு விரிவாக்க, 1913இல் ஓப்பாவ் என்னுமிடத்தில் முதல் ஆலை இயங்கிற்று. அதே ஹேபர்தாம் 1915இல் போர்க்களத்தில் நச்சு வாயுவைப் பயன்படுத்துவதற்கும் முன்னின்றவர். ஒரே அறிவு சோறும் இட்டது, உயிரும் எடுத்தது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உணவு விளைவது ஆலை நைட்ரஜனால்தான் என்று அறிஞர் கணக்கிடுகின்றனர். நம் பக்கத்து நெய்வேலியிலும் ஒரு காலத்தில் பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா செய்தனர். ஆகவே யூரியாவைப் பழித்துவிட்டு யூரியாவில் விளைந்த சோற்றை உண்பது நேர்மையாகாது. பஞ்சத்தை அறிந்த தலைமுறை அந்த வெண்ணிற உப்பை வரப்பிரசாதமாகவே கண்டது. அதில் தவறில்லை.

தவறு அளவில் இருக்கிறது. அளவு தவறியதற்கு உழவரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. 2010இல் மத்திய அரசு உர மானியத்தை மாற்றியமைத்தபோது, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தரும் உரங்களின் விலை ஏற இடம் விட்டது. யூரியாவின் விலையை மட்டும் கட்டி வைத்தது. இன்றும் 45 கிலோ மூட்டை ஒன்று 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. மற்ற உரங்களில் பலவோ மூட்டைக்கு ஆயிரத்தைத் தாண்டி நிற்கின்றன. கையில் காசு குறைந்தவன் எதை வாங்குவான்? வயலில் நின்று ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். “சாமி, யூரியா போட்டா நாலாம் நாளே பயிரு கறுத்து வருதுங்க. அடுத்த வயக்காரன் பயிரு கறுப்பா இருக்கச் சொல்ல, எம்பயிரு மட்டும் வெளுத்து நின்னா மனசு கேக்குமா?” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கறுத்த பயிர் எல்லாம் நிறைந்த கதிராவதில்லை. மிகை யூரியா இட்ட பயிர் இளசாக வளர்ந்து சாய்கிறது. பூச்சியையும் குலைநோயையும் விருந்துக்கு அழைக்கிறது. பின்னர் மருந்துக் கடைக்கு நடக்க வேண்டியிருக்கிறது.

நெல்லுக்கு இட்ட யூரியாவின் நைட்ரஜனில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கே. எஞ்சியது எங்கே போகிறது? ஒரு பகுதி அம்மோனியாவாக ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. வெயில் நேரத்தில் நீர் நின்ற வயலில் வீசியெறிந்த யூரியாவுக்கு இக்கதி விரைவில் நேர்கிறது. இன்னொரு பகுதி சேற்று நுண்ணுயிர்களால் வாயுவாகிப் போகிறது. அவ்வாறு போவதில் பெரும்பங்கு தீங்கற்ற நைட்ரஜன் வாயுவே; சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு. அந்தச் சிறு பங்கு அற்பமானதன்று. எடைக்கு எடை நோக்கின், புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 270 மடங்கு வல்லது. வளிமண்டலத்தில் நூறாண்டுக்கு மேல் தங்குவது. மேலே சென்று ஓசோன் படலத்தையும் அரிப்பது.

மீதியுள்ள பகுதியே நம் கிணற்றுக்கு வருவது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. களிமண் துகள்கள் அம்மோனியத்தைப் பிடித்து நிறுத்தும், நைட்ரேட்டைப் பிடிப்பதில்லை. இரண்டும் எதிர்மின் கொண்டவையாதலால் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே பாய்ச்சும் நீரோடும் பெய்யும் மழையோடும் நைட்ரேட் நழுவிக் கீழே இறங்குகிறது. செஞ்சி மலைகளைப் பார்த்தவர்களுக்கு இப்பகுதியின் அடித்தளம் கடும்பாறை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாறையின் மேல் சிதைந்த மண்ணடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் தேங்கும் நீரே நம் கிணற்று நீர். அந்நீரை இறைத்து அதே வயலில் பாய்ச்சுகிறோம். அது மீண்டும் உரத்தைக் கரைத்துக்கொண்டு அதே கிணற்றுக்கு இறங்குகிறது. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. ஒரே பாத்திரத்தில் திரும்பத் திரும்ப உப்பிட்டுக் காய்ச்சுவது போன்றது இது.

வயல் மட்டும் காரணமன்று. தொழுவத்தை ஒட்டிய குப்பைக்குழி, கிணற்றருகே தோண்டிய கழிவறைக் குழி, ஊரின் சாக்கடை ஆகியவற்றிலிருந்தும் நைட்ரேட் இறங்குகிறது. வீட்டுக்கு வீடு கழிவறை வந்தது நற்செய்தி. ஆனால் அடி பூசாத குழியைக் குடிநீர்க் கிணற்றுக்கு அண்டையில் தோண்டினால், ஒரு நோயை விரட்டி மற்றொன்றை வரவழைத்தவராவோம்.

ஆபத்து முதலில் யாருக்கு? வளர்ந்தவர்களுக்கு உடனடியான தீங்கு தெரிவதில்லை. ஆறு மாதம் நிறையாத பச்சிளங் குழந்தைக்கே அது முதலில் கேடு செய்யும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்னும் மருத்துவர், பண்ணை வீட்டுக் கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் உடல் நீலம் பூத்து வந்ததைக் கண்டு எழுதினார். குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. அங்கு வளரும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்குகின்றன. அது குருதியிற் புகுந்து, உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணுக்களை அவ்வேலைக்கு உதவாதவையாக்குகிறது. மூச்சு இருந்தும் உடலுக்கு உயிர்வளி எட்டுவதில்லை. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இதற்கு மருந்து உண்டு. காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

தாய்மார்கள் இங்கு ஒன்றை அழுத்தமாக நினைவிற் கொள்ள வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைட்ரேட் சாகாது. கொதிக்கக் கொதிக்க நீர் குறைந்து நைட்ரேட்டின் செறிவு கூடவே செய்யும். ஆதலால் ஐயத்திற்குரிய கிணற்று நீரைக் காய்ச்சிப் பால்மாவு கரைப்பதால் பாதுகாப்பு இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதே அரண். தாய் அருந்திய நீரின் நைட்ரேட் தாய்ப்பாலில் சேர்வது மிகக் குறைவு. படைத்தவன் வகுத்த வழியில் எத்துணைப் பரிவு இருக்கிறது!

இது நம் மாவட்டத்திற்கு மட்டும் நேர்ந்ததன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நம் தமிழ் உழவர்கள் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிக்கின்றனர். அடியில் சுண்ணாம்புப் பாறை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. குடிக்கவும் பாய்ச்சவும் கிணறே கதி. அங்கும் வலிகாமம் பகுதிக் கிணறுகளில் நைட்ரேட் வரம்பு மீறியிருப்பதை ஆய்வாளர் பல பத்தாண்டுகளாகவே எழுதி வருகின்றனர்.

அதே இலங்கை மற்றொரு பாடத்தையும் நமக்குக் கற்பித்தது. 2021 மே மாதத்தில் அந்நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையால் நிறுத்தியது. மாற்று உரம் ஆயத்தமாக இல்லை. உழவருக்குப் பயிற்சியும் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை தளர்ந்தது, மக்கள் தெருவுக்கு வந்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே அரசு தடையைத் தளர்த்த நேர்ந்தது. நூறாண்டு சேர்ந்த பழக்கத்தை ஒரு நாளில் அறுத்தெறிய இயலாது. மிகையும் கேடு, திடீர் வெறுமையும் கேடு. இடையில் உள்ள அளவைக் காண்பதே அறிவு.

இயற்கையின் சீற்றமும் இக்கணக்கைக் கலைக்கிறது. நெடுங்கோடையில் காய்ந்த மண்ணின் மேலடுக்கில் நைட்ரேட் சேர்ந்து கிடக்கும். முதற் பெருமழை அதை ஒரே வீச்சில் அடித்துக்கொண்டு இறங்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரு நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சங்கராபரணி கரை புரண்டது; வயலும் வீதியும் ஒன்றாயின. கழிவறைக் குழியும் சாணக் குழியும் உரமிட்ட வயலும் கிணறும் அன்று ஒரே நீரில் நின்றன. வெள்ளம் வடிந்தபின் வீட்டுச் சுவரைக் கழுவினோம், பாத்திரங்களைத் துலக்கினோம். கிணற்று நீரைச் சோதித்தவர் எத்தனை பேர்?

அடித்துச் செல்லப்பட்ட சத்து ஏரிகளிலும் கழுவெளி போன்ற சதுப்புகளிலும் போய்த் தங்குகிறது. அங்குள்ள சேறும் கோரையும் நாணலும் அதில் ஒரு பகுதியைப் பிரித்துத் தீங்கற்ற வாயுவாக வானுக்கே அனுப்புகின்றன. மரக்காணத்தை அடுத்த கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. பறவைக்காக மட்டும் அதைக் காக்கிறோம் என்று எண்ண வேண்டா. நாம் கெடுத்த கணக்கை ஓசையின்றிச் சரிசெய்து தரும் கணக்கப்பிள்ளை அந்தச் சேறு. ஏரியை ஆக்கிரமித்து மேடாக்குகிறவன் அந்தக் கணக்கப்பிள்ளையை வேலையினின்று நீக்கிவிடுகிறான்.

இனி, நாம் செய்யத் தக்கன யாவை?

முதலாவது, தண்ணீரைச் சோதித்துக் கொள்ளுதல். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. ஒரு தெருவில் உள்ளோர் சேர்ந்து, பெய்த மழைக்குப் பின் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் கிணற்று நீரைக் கொடுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, ஒரு சிறு கணக்கு. நைட்ரேட் 45 மில்லிகிராம் உள்ள நீர் ஒரு லட்சம் லிட்டரில் ஏறத்தாழ ஒரு கிலோ தழைச்சத்து இருக்கிறது. ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் பாய்ச்சினால், ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் செல்லும். அவ்வாறு பத்துத் தண்ணீர் பாய்ச்சினால் 20 கிலோ தழைச்சத்து வயலுக்குப் போய்ச் சேரும். அது 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ள அளவு! அத்தனையும் பயிருக்குக் கிட்டாது என்றாலும், விலை கொடுக்காமலே ஒரு மூட்டை கிணற்றிலிருந்து வந்துகொண்டிருக்க, அதன் மேல் வழக்கமான மூட்டைகளையும் குறையாது கொட்டுவது யாருக்கு நன்மை? கிணற்றைக் கெடுத்த சத்தைப் பயிரின் வழியே திரும்ப எடுக்கலாம். அதற்குத் தண்ணீர்ச் சோதனையும் மண் சோதனையும் கையில் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, இடும் யூரியாவைப் பலமுறையாகப் பிரித்து, பயிர் கேட்கும் பருவத்தில் இடுதல். நெல் இலையின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேளாண் துறையார் இலை வண்ண அட்டை என்று ஒன்றைத் தருகின்றனர். அண்டை வயலைப் பார்த்து உரமிடுவதைவிட அந்த அட்டையைப் பார்த்து இடுவது நன்று. யூரியா ஐந்து பங்குக்கு வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு கலந்து ஓரிரவு வைத்திருந்து இடும் முறை நம் உழவர் பலர் அறிந்ததே. வேம்பு அந்த நைட்ரேட் ஆக்கும் நுண்ணுயிர்களின் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. அவ்வுண்மையை ஏற்றே 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. நெல்லுக்குப் பின் உளுந்தோ மல்லாட்டையோ வந்தால், வேர்முடிச்சுகள் தம் பங்கைச் செய்யும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும், ஏரி வண்டலை எடுப்பதும் மீண்டும் வழக்கிற்கு வர வேண்டும். வண்டலை விலையின்றி எடுத்துக்கொள்ள அரசின் அனுமதியும் உண்டு. முறைப்படி கேட்டுப் பெறலாம்.

நான்காவது, குப்பைக்குழியையும் கழிவறைக் குழியையும் குடிநீர்க் கிணற்றினின்று இயன்ற மட்டும் தொலைவில், சரிவின் கீழ்ப்புறத்தில் அமைத்தல்.

இவையனைத்தும் தனியொருவர் செய்து முடிப்பன அல்ல. நிலத்தடியில் வரப்பு இல்லை. என் வயலில் நான் கொட்டிய மிகை, என் பட்டாவின் எல்லையில் நின்றுவிடுவதில்லை. அடுத்த தெருவில், நிலமே இல்லாத ஒரு கூலித் தொழிலாளியின் குழந்தை குடிக்கும் குவளைக்கு அது போய்ச் சேரும். அவள் ஒரு மூட்டை யூரியாவும் வாங்கியவளல்லள். அதன் விளைச்சலில் பங்கு பெற்றவளும் அல்லள். கேட்டில் மட்டும் அவளுக்குப் பங்கு வருமாயின், அது வேதியியல் கணக்கோடு முடிந்துபோகும் செய்தியன்று; நீதியின் கணக்கிலும் அது எழுதப்படும்.

காற்றில் கிடந்ததை மண்ணுக்கு இறக்கினோம். மண்ணிலிருந்து அது கிணற்றுக்கு இறங்கிவிட்டது. இறங்கிய வழி நமக்கு இன்று தெரிகிறது. இவ்வாண்டு நடவுக்கு முன்னர், உரக்கடைக்குப் போகும் வழியில் ஒரு புட்டியில் உங்கள் கிணற்று நீரையும், ஒரு பையில் உங்கள் வயல் மண்ணையும் சோதனைக்குக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். எத்தனை மூட்டை வாங்குவது என்பதை அதன் பின்னர் முடிவு செய்யலாம்.